இதயத்திற்குக் கிடைத்த ஓய்வு

ஆனைகட்டி இரண்டு மாநிலங்களில் பரந்து கிடக்கும் ஊர். அதன் ஒரு பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்திலும் மறு பகுதி பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியிலும் உள்ளன. மலைச்சாலையில் மாங்கரை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இறங்கிச் சென்றால் கோயம்புத்தூரின் பெரிய மருத்துவமனைகளை அடையலாம். அத்தகைய மருத்துவமனை ஒன்றில் மருத்துவர் வெளியே வந்து, "அறுவை நன்றாக முடிந்தது, ஆனால் இதயம் இன்னும் தானாக இயங்கவில்லை. இயந்திரத்தின் துணையில் வைத்திருக்கிறோம்" என்று கூறினால், காத்திருக்கும் குடும்பத்தார் திகைத்துப் போவர். அறுவை நன்றாக முடிந்திருக்க, இதயம் ஏன் இயங்கவில்லை?

கைப்பிடி அளவே உள்ள இதயம், நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடித்து 5 லிட்டர் குருதியை உடலெங்கும் அனுப்புகிறது. துடிக்கும் இதயத்தைத் திறந்து அதனுள் தையலிடுதல் அரிது. ஆகவே, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தி அதனைச் சிறிது நேரம் நிறுத்துகின்றனர். அந்நேரத்தில் இதய நுரையீரல் இயந்திரம் உடலுக்குக் குருதியை வழங்கும். இதனை உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன். நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்து ஒரு பெண் தம் கண்முன் இறந்ததைக் கண்டு இம்முயற்சியில் இறங்கினார். அவருடைய மனைவி மேரியும் ஆய்வுக்கூடத்தில் உடன் உழைத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பின் பயனாக, 1953 மே 6 அன்று 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயப் பணியை அவ்வியந்திரம் 26 நிமிடங்கள் செய்தது.

இதயத் தசைக்கும் குருதி வேண்டும். நிறுத்தி வைத்த நேரத்தில் அது கிடைப்பதில்லை. முன்பே நலிந்திருந்த தசை, மீண்டும் குருதி பாய்ந்தாலும் உடனே வலிமை பெறாது. இறந்த தசை மீள்வதில்லை. சோர்ந்த தசையோ சில நாள்களில் மீளக்கூடும். அச்சில நாள்களை எவ்வாறு பெறுவது? அறுவை அரங்கின் இயந்திரத்தை நாள்கணக்கில் ஓட்டினால் குருதியணுக்கள் சிதையும்.

1966இல் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டெபேக்கி இதற்கு விடை கண்டார். வால்வு அறுவைக்குப்பின் இதயம் மீளாத ஒரு பெண்ணுக்கு அவர் சிறு பம்பு ஒன்றைப் பொருத்தினார். பத்து நாள்களில் இதயம் தேறியது, பம்பு அகற்றப்பட்டது, அப்பெண் நலமுடன் வீடு திரும்பினார். மறு ஆண்டே ஏட்ரியன் காண்ட்ரோவிட்சு பலூன் பம்பை நோயாளியிடம் பயன்படுத்தினார். மெல்லிய நீண்ட பலூனைத் தொடையிலுள்ள தமனி வழியாகப் பெருந்தமனிக்குள் செலுத்துவர். இதயம் தளரும்போது அது விரிந்து, இதயத் தசைக்குச் செல்லும் குருதியை மிகுவிக்கும். இதயம் சுருங்கத் தொடங்குமுன் அது சுருங்கி, இதயத்தின் சுமையைக் குறைக்கும். திருவிழாவில் வானேறும் பலூனுக்குரிய ஹீலியமே இதற்கும் உதவுகிறது. இலேசான வாயுவாதலின், ஒவ்வொரு துடிப்புக்கும் ஈடுகொடுத்து விரைந்து பாய்ந்து திரும்பும்.

பலூன் துணைபுரியுமேயன்றி முழுப்பணியையும் ஏற்காது. அதனை ஏற்பது எக்மோ. சிரைக்குருதியை வெளியே இழுத்து, நுண்ணிய குழலிழைகளின் வழியே ஆக்சிஜனை ஏற்றி, கரியமில வாயுவை நீக்கி, தமனிக்குள் திருப்பி அனுப்பும் இயந்திரம் அது. 2016 டிசம்பரில் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு இதயம் நின்றபோதும், 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் நுரையீரல்களைக் கொரோனா தாக்கியபோதும் இச்சொல் தமிழர் வீடுகளில் ஒலித்தது. இருவரும் மீளவில்லை. ஆதலால் எக்மோ என்றாலே முடிவு என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முழுவதும் சரியன்று. முற்றிலும் தவறும் அன்று. இதய அறுவைக்குப்பின் எக்மோவில் வைக்கப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் வீடு திரும்புவதில்லை. குழாயில் குருதி உறையாதிருக்க மருந்து தரவேண்டும். அம்மருந்தே அறுவைக் காயத்தில் குருதிப்பெருக்கை உண்டாக்கும். கால் விரல்களுக்குக் குருதி குறையலாம், தொற்று ஏற்படலாம். இயந்திரம் எதனையும் குணப்படுத்துவதில்லை. காலத்தை மட்டுமே வாங்கித் தருகிறது. எனினும், அது இல்லையெனில் அந்நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு அக்காலமும் இல்லை.

நாள்தோறும் மருத்துவர்கள் இயந்திரத்தின் ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எக்கோ திரையில் இதயச் சுவர்களின் அசைவைக் கவனிப்பர். அசைவு போதாதெனில் ஓட்டத்தை மீண்டும் கூட்டிவிட்டு, மறுநாள் மறுபடியும் குறைத்துப் பார்ப்பர்.