துணி எரிந்தபின் ஒளிரும் கூடு

பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெளிச்சம் நெருப்பிலிருந்து வருவதில்லை. மண்ணெண்ணெய் ஆவி காற்றோடு நன்றாகக் கலந்து எரியும்போது கிடைப்பது மங்கலான நீலச் சுடர்தான். கண் கூசும் வெள்ளை ஒளியைத் தருவது அந்தச் சுடரில் தொங்கும் மேண்டில். கட்டும்போது அது ஒரு துணிப்பை. முதல்முறை கொளுத்தியதும் நூல் முழுவதும் எரிந்துபோய், பின்னலின் வடிவம் மட்டும் வெள்ளைக் கூடாக நிற்கிறது. அந்தக் கூடு சாம்பலன்று. பீங்கான் இனத்தைச் சேர்ந்த ஆக்சைடுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் செராமிக்.

சூடாக்கினால் எந்தப் பொருளும் ஒளிரும். ஆனால் 1,500 டிகிரி செல்சியசில் ஒரு கரித்துண்டு வெளிவிடும் கதிர்வீச்சில் நூறில் ஒரு பங்குகூடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக இருக்காது. மீதி எல்லாம் அகச்சிவப்புக் கதிராக, வெறும் அனலாகப் போய்விடும். ஆகவே விளக்குக்கு வேண்டிய பொருள் வெப்பத்தைத் தாங்கினால் மட்டும் போதாது. எந்தக் கதிரை வெளிவிடுவது, எதை விடாமல் அடக்குவது என்ற தேர்வும் அதனிடம் இருக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டு நாடக மேடைகளில் சுண்ணாம்புக் கட்டியை ஹைட்ரஜன், ஆக்சிஜன் சுடரால் சுட்டு வெள்ளொளி எடுத்தார்கள். வீட்டு விளக்குக்கு அது ஒத்துவராது. வழி கண்டவர் வியன்னாவில் 1858இல் பிறந்த கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். ஹைடல்பர்க்கில் வேதியியலாளர் புன்சனிடம் பயின்று, அருமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பதில் ஊறியவர். பருத்தித் துணியை உலோக உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால் ஆக்சைடுக் கூடு மிஞ்சும் என்பதே அவருடைய உத்தி. 1885இல் காப்புரிமை பெற்ற முதல் மேண்டிலில் மக்னீசியம், லாந்தனம், இட்ரியம் ஆக்சைடுகள் இருந்தன. ஒளி பச்சையடித்தது, கூடும் எளிதில் உடைந்தது, வியாபாரம் படுத்தது. அவர் விடவில்லை. 1891இல் வந்த புதிய கலவை 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. ஒளி வெண்மையானது, கூடும் உறுதிப்பட்டது. அதன்பின் பல்லாண்டுகள் உலகம் முழுவதும் இதே விகிதம்தான் நின்றது.

அந்த ஒரு பங்கில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு நிறக் கதிரை எந்த அளவு உறிஞ்சுமோ, சூடானால் அந்த அளவே ஒரு பொருள் அதை வெளிவிடும். இது கிர்க்காஃப் கண்ட விதி. தோரியம் ஆக்சைடு 3,300 டிகிரிக்கு மேல்தான் உருகும், சுடர் அதை அசைக்காது. ஆனால் அது தூய வெள்ளை. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதையடுத்த அகச்சிவப்பையும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். அதனால் அனலை வீணாக்காமல் நல்ல சூட்டில் நிற்கும், தனியாக ஒளிரச் சொன்னால் மங்கிவிடும். சிறிதளவு சீரியம் சேர்ந்ததும் அந்தச் சூட்டில் நீலமும் பச்சையும் உறிஞ்சப்படுகின்றன, எனவே வெளியேயும் வருகின்றன. அகச்சிவப்பு பெரிதாகக் கூடுவதில்லை. சீரியத்தை மேலும் ஏற்றினால் கூடு ஆற்றலை அதிகம் கதிர்த்துத் தன் சூட்டையே இழந்து மங்குகிறது. உப்பு போடும் கைப்பக்குவம் போலத்தான்.

இழையின் மென்மைக்கும் இதில் பங்குண்டு. இதே கலவையைக் கனமான கட்டியாகச் செய்தால் சிறிய சுடரால் அதைச் சூடேற்ற முடியாது. மெல்லிய இழைக்கு எடை சொற்பம், பரப்பு அதிகம். சுடரின் சூட்டை விரைந்து வாங்கிக்கொள்ளும்.

மேண்டிலுக்கான தோரியம் மோனசைட் மணலிலிருந்து வந்தது. முதலில் பிரேசில் கடற்கரை அதைத் தந்தது. 1909இல் ஜெர்மானியரான ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கரையைச் சேர்ந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் ஊர். ஐரோப்பிய நகரத் தெருக்களின் வெளிச்சத்துக்காக நம் தென்கோடியில் மணல் அள்ளப்பட்டது. இங்கே தாது எடுப்பும் அதைச் சுற்றிய உடல்நலக் கவலையும் இன்றும் தொடர்கின்றன.

தோரியம் கதிரியக்கம் கொண்டது; அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். மேண்டிலைத் தொட்டுக் கட்டுவதைவிட, உடைந்த தூளை மூச்சில் இழுப்பதும் தொழிற்சாலைக் கழிவும்தான் உண்மையான கேடு. அதனால் பல நாடுகளில் தோரியத்தின் இடத்தில் இட்ரியம் வந்துவிட்டது.

மின்விளக்கு வந்து மேண்டிலை ஒதுக்கினாலும் அதன் தத்துவம் ஆய்வகங்களுக்குத் திரும்பியது. அடுப்பின் அனலிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் முயற்சியில் இட்டர்பியம் ஆக்சைடு மேண்டிலாகப் பயன்படுகிறது. சூடானால் அது ஒரு மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிரை வலுவாக வெளிவிடுகிறது. சிலிக்கான் சூரியத்தகடு நன்றாக ஏற்று மின்சாரமாக்கும் கதிர் அது. தொல்லை பழையதுதான்: சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் இழை விரிசல் விடும், நெடுநேரச் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று இளகி ஒட்டித் தடித்துவிடும். இழையை நொறுங்காமலும் துகளைப் பெருக்காமலும் காக்கும் வழிகளைத்தான் ஆய்வாளர்கள் இன்னும் தேடுகிறார்கள்.