வாக்காளர் பட்டியலில் இரட்டைப் பதிவு

ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளிலோ, ஒரே தொகுதியில் இருமுறையோ இடம்பெறலாகாது என்பது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வகுத்த விதி. ஆயினும், தாராபுரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து பின்னலாடைத் தொழில் நாடித் திருப்பூரில் குடியேறியவர் அங்கே பெயரைச் சேர்த்தபின்னும், பழைய ஊர்ப் பதிவு நீங்காமல் நின்றுவிடுதல் உண்டு. 2025ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில், இவ்வாறு இருமுறை பதிவானவை என நீக்கப்பட்ட பெயர்கள் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டவை.

இவற்றைத் தேடக் கணிப்பொறி துணைபுரிகிறது. பெயர், தந்தை பெயர், வயது முதலியன ஒத்திருக்கும் வரிகளை அது நொடியில் பிரித்துக் காட்டும். கொங்கு நாட்டிலோ இவ்வேலை அத்துணை எளிதன்று. பழனிசாமி, பொன்னுசாமி, நாச்சிமுத்து முதலிய பெயர்கள் அங்கு ஊர்தோறும் பலருக்கு உண்டு. பழனிசாமியின் மகன் பொன்னுசாமி, வயது 50 என்று பொள்ளாச்சியில் ஒருவரும் அவினாசியில் வேறொருவரும் வாழக்கூடும். பெயரை மட்டும் நோக்கி ஒரு வரியை அழித்தால், உயிரோடிருக்கும் ஒருவரின் வாக்குரிமையே பறிபோகும். இதற்கு மாறாக, ஓரிடத்தில் ‘பழனிசாமி’ என்றும் மற்றோரிடத்தில் ‘பழனிச்சாமி’ என்றும் எழுதப்பட்ட ஒரே மனிதரைப் பொறி இருவராகக் கொள்ளும். ஓர் ஒற்றெழுத்தும் அதற்குப் பெரிய வேற்றுமையன்றோ!

ஆதலின் பொறி எழுப்புவது ஐயமே, முடிவு அன்று. நிழற்படங்களை ஒப்பிடுவர், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடிச் சென்று வினவுவார். உரியவர் தம் கருத்தைக் கூற வாய்ப்பளித்த பின்னரே, அவர் வசிக்கும் இடத்துப் பதிவை நிறுத்தி மற்றதை நீக்குதல் முறை. குடிபெயர்ந்தவர் புதிதாய்ச் சேர்வதற்குரிய 6ஆம் படிவத்தை விடுத்து, 8ஆம் படிவத்தில் பழைய அடையாள அட்டை எண்ணைக் குறித்துத் தந்தால், பதிவே இடம் மாறும். இரண்டாவது வரி தோன்றாது.