காஷ்மீர்க் குருவியும் கான் வெட்டும் ஆட்களும்

ஐப்பசி பிறந்தால் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வேறு ரகமான ஒரு கூட்டம் வரும். பூச்செடிகளை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. காலையில் டிக்கெட் வாங்கியதும் நேரே ஓடைப் பக்கம் போய், கழுத்தில் பைனாகுலர் தொங்க, பேச்சு மூச்சில்லாமல் நிற்பார்கள். பூங்காவிலேயே அழுக்கான மூலை அதுதான். அங்கே அவர்கள் தேடுவது பெரும்பாலும் மூன்று பறவைகளை: காஷ்மீர் ஈப்பிடிப்பான், கறுப்பு வெள்ளைப் பூங்குருவி, ஆறுமணிக் குருவி. இவற்றைப் பார்ப்பதற்கென்றே ஐரோப்பாவிலிருந்து விமானமேறி வருகிறவர்கள் உண்டு.

அந்தப் பூங்காவிலிருந்து நானுஓயா, லிந்துலை, தலவாக்கலை என்று இறங்கி வந்தால் எங்கள் திம்புள்ள. நான் பிறந்தது இங்கே ஒரு தோட்டத்தின் பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்கத்து வரிசை வீட்டில். அம்மா கொழுந்து எடுத்தார். தோட்டப் பாடசாலையில் படித்து, அதிலேயே படிப்பித்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். மேலே சொன்ன மூன்று பறவைகளும் எங்கள் மலைகளுக்கும் வருகின்றன. (மலை என்று நாங்கள் சொல்வது தேயிலை நட்ட பிரிவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு.) அவை வந்ததை முதலில் அறிகிறவர்கள் கொழுந்தெடுக்கிற பெண்களும் கான் வெட்டுகிற ஆட்களும்தான். அவர்கள் கண்டது மட்டும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இங்கே இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. தென்மேல் பருவமழை ஓய்ந்து, காலையில் வெயிலும் மத்தியானத்துக்கு மேல் இடியுமாக வானம் மாறும். தீபாவளி அட்வான்ஸ் எவ்வளவு தருவார்கள் என்று, காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பேச்சு எழும். அதுதான் பருவம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது சாம்பல் வாலாட்டி. ஆவணி முடிவதற்குள், மழை முழுதாக விடுவதற்கு முன்பே, அதைக் கானில் பார்க்கலாம். சரிவில் மண் அடித்துக்கொண்டு போகாமலிருக்கக் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால்தான் கான். மஞ்சள் வயிறும் நீண்ட வாலுமாக அதன் சகதியில் பூச்சி பொறுக்கிக்கொண்டு ஓடும். கால் நின்றாலும் வால் நிற்காது. கான் வெட்டுகிறவர் ஒரு கொத்துக் கொத்தி நகர்ந்ததும், கிளறிய மண்ணில் அவருக்குப் பின்னால் இரண்டு முழத்தில் வந்து இறங்கும். சென்ற வருடம் நின்ற அதே கானுக்குத்தான் இந்த வருடமும் வருகிறது என்று எங்கள் ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். இதில் மிகை ஒன்றும் இல்லை. காலில் வளையமிட்ட ஒரு சாம்பல் வாலாட்டி, பம்பாய் நகரத்துக்குள் இருந்த ஒரு சின்னப் புல்தரைக்கு வருடா வருடம் திரும்பி வந்ததை இந்தியப் பறவையியலாளர் சலீம் அலி எழுதியிருக்கிறார்.

அடுத்து வடகிழக்கு ஆசியாவிலிருந்து பழுப்புக் கீச்சான் வரும். சவுக்கு மரத்து மொட்டைக் கிளையில் உட்கார்ந்து நாளெல்லாம் கரகரத்துக்கொண்டிருக்கும். கொடிக்கால் வாலாட்டி நிழலோரத்தில் சருகுக்குள் நடக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது உடம்பின் பின்பாதியையே பக்கவாட்டில் அசைக்கும். இவை எதுவும் அபூர்வம் இல்லை. ஆனால் இவை வந்துவிட்டால் மற்றவையும் வழியில் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆறுமணிக் குருவி வந்த செய்தி எனக்கு வாசலுக்கே வந்துவிடும். கொழுந்து நிறுக்கப் போகிற வழியில் கூடையோடு நின்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"டீச்சர், ஆறாம் நம்பர்ல கலர் குருவி வந்திருச்சி. நேத்து அந்திக்குக் கத்துனிச்சி."

"எந்தப் பக்கம் அக்கா? ரோட்டோரமா, ஆத்தோரமா?"

"ஆத்தோரந்தான். முள்முருங்க மரம் ஒன்னு விழுந்து கெடக்குல்ல, அதுக்கு அடியில சருகப் பெரட்டிக்கிட்டு இருக்கு. பின்னால வாலையே காணல டீச்சர்."

பறவை நூல்கள் சொல்கிற அடையாளமும் கிட்டத்தட்ட இதுதான். கட்டைவால், பச்சை முதுகு, தோளில் மின்னும் நீலம், கண்ணை மூடி ஓடும் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. விடிகிற நேரத்திலும் அந்தியிலும் இரட்டை விசிலாகக் கூப்பிடும். அதனால்தான் அந்தப் பெயர். இனப்பெருக்கம் செய்வது இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும். அங்கே மழைக்காலம் முடிந்ததும் தெற்கே கிளம்பி, பாக்கு நீரிணையைத் தாண்டி இலங்கை முழுவதும் பரவுகிறது. தோட்டத்துக்காரர்களுக்கு அது ஐப்பசிக் குருவி, அவ்வளவுதான். அதைப் பார்த்த மறுநிமிடம் உள்ளங்கையை முத்தமிட்டுக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியை நான் கண்டிருக்கிறேன்.

காஷ்மீர் ஈப்பிடிப்பான் கதை வேறு. உலகத்தில் அது முட்டையிடுகிற இடம் மிகச் சிறியது. காஷ்மீரிலும் அதை ஒட்டிய பீர் பஞ்சால் மலைத்தொடரிலும், அடர்ந்த கீழ்ப்புதர் உள்ள இலையுதிர் காடுகளில், வைகாசி முதல் ஆனி வரை குஞ்சு பொரிக்கிறது. அந்தக் காடுகள் மரத்துக்கும் விளைநிலத்துக்குமாக அழிக்கப்பட்டதில் இந்தப் பறவையும் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் ஏறிவிட்டது. மொத்தத் தொகை பத்தாயிரத்துக்குள்தான் இருக்கும் என்பது மதிப்பீடு. குளிர்காலத்தில் ஒரு பங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறது. பெரும்பங்கு இலங்கை மலைநாட்டுக்கு, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறந்து வருகிறது. உடம்பின் எடையோ பத்துக் கிராம் அளவுதான்.

பக்கத்தில் பார்த்தால் ஆண் பறவையை மறக்க முடியாது. சாம்பல் முதுகு. தொண்டையிலிருந்து நெஞ்சு வரை செம்மஞ்சள். அந்த நிறத்தின் இருபுறமும் கறுப்புக் கரை. "செவந்த நெஞ்சுக்கு ரெண்டு பக்கமும் மை இழுத்த மாதிரி" என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள். தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து வாலை வெடுக்கென்று மேலே தூக்கும். அப்போது வாலடியின் இரு பக்கமும் வெள்ளை தெரியும். தரைக்கு இறங்கி ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு மறுபடி கிளைக்குப் போகும். பெண் பறவையிடம் அந்தச் சிவப்பு மிகவும் மங்கல். வாலையும், கரகரவென்று உருட்டுகிற குரலையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பழகாத கண்ணுக்கு அது ஏதோ ஒரு தவிட்டு நிறக் குருவி.

இந்த ஈப்பிடிப்பானின் குளிர்கால வாழிடமாகப் பறவையியலாளர்கள் எழுதி வைத்திருப்பவற்றில் காட்டோரம், தோட்டங்கள் என்பவற்றோடு தேயிலைக் காணிகளும் உண்டு. உயரம் சுமார் 750 மீட்டருக்கு மேல். திம்புள்ள, கொட்டகலை, அக்கரப்பத்தனை, டயகம எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கின்றன. ஆனாலும் பார்த்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்தால், பூங்காவிலும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிற பாதையிலும் புள்ளிகள் மொய்க்கின்றன. தோட்டங்களுக்குள் வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்தப் படம் குருவி எங்கே இருக்கிறது என்பதைவிட, பார்க்கிறவர் எந்த ஹோட்டலில் தங்கினார் என்பதைத்தான் கூடுதலாகச் சொல்கிறது என்பேன்.

கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் அப்படித்தான். இமயமலைக் காடுகளில் இனப்பெருக்கம் செய்து இங்கே குளிர்காலம் கழிக்கிறது. கண்ணுக்கு மேல் ஓடும் வெள்ளைப் புருவமும் மஞ்சள் அலகுமாக ஆண் பறவை எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கூச்சம் அதிகம். விடியலிலும் இருட்டுகிற நேரத்திலும் மட்டும் பழத்துக்கோ மண்புழுவுக்கோ வெளியே தலைகாட்டும். அந்த நேரத்தில் மலையில் நடமாடுகிறவர்கள் யார்? வேலைக்குப் புறப்படுகிற எங்கள் ஆட்கள்.

பழைய நூல்களைப் புரட்டினால் இந்த ஓரவஞ்சனை நூற்றைம்பது வருடத்துக் கதை என்று தெரியும். இலங்கைப் பறவைகள் பற்றி லெக் எழுதிய பெரிய நூல் 1880இல் முழுமையாக வெளிவந்தது. மலைநாட்டுச் செய்திகளை அவருக்கு எழுதி அனுப்பியவர்களில் கோப்பித் தோட்டத் துரைமாரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சாமுவேல் பிளை. இலங்கைக்கே உரிய, மலையோடைகளில் மறைந்து வாழும் சீட்டிப் பூங்குருவிக்கு 1872இல் அவர் பெயர் வைக்கப்பட்டது. இன்றும் அதன் விஞ்ஞானப் பெயரில் துரை இருக்கிறார். 1955இல் வந்த கையேட்டை எழுதிய ஜி. எம். ஹென்றியும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்தான். அவர்களுடைய உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஹென்றி வரைந்த படங்களுக்கு நான் அடிமை. ஆனால் காடு வெட்டி, கான் வெட்டி, ஓடையோரம் பாதை போட்ட கைகள் எங்கள் பாட்டன் பூட்டனுடையவை. அந்த ஓடைக்குருவியைத் துரைக்கு முன்னால் பார்த்திருக்கக்கூடியவர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காக்கைகளுக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டி, அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போய்த் திரும்பிய வழியைக் கண்டிருக்கிறார்கள். நல்ல காரியம். பத்துக் கிராம் குருவியின் முதுகில் அந்தக் கருவியை ஏற்ற முடியாது. அது எந்தெந்த மலையில் எத்தனை நாள் தங்குகிறது என்பதற்கு இன்றும் மனிதக் கண்தான் சாட்சி.

சரி, இவை தோட்டத்தில் எங்கே தங்குகின்றன? தேயிலைக்குள்ளா? வரிசையாகக் கவ்வாத்து வெட்டி, மருந்தடித்து, கீழே சருகே இல்லாத தேயிலைக்குள் ஆறுமணிக் குருவிக்கு என்ன வேலை? அவை இருப்பது ஆற்றோரத்து ஒடுங்கிய காட்டில், லயத்துப் பின்புறத்து மரக்கறித் தோட்ட வேலியில், விறகுக்கு விட்ட மரங்களுக்கடியில், பழைய பங்களாக்களின் கவனிப்பாரற்ற கொல்லையில். துரைத்தனம் வீண் என்று விட்டுவைத்த துண்டு துணுக்குகள்தான் இந்தப் பறவைகளின் குளிர்கால வீடு.

இங்கேதான் எனக்குத் தர்மசங்கடம். பறவை பார்க்க வருகிறவர்கள் ஆற்றோரக் காட்டைப் பார்த்து, "இதை அப்படியே விடுங்கள்" என்கிறார்கள். அதே காட்டைப் பார்த்து, "வெட்டித் தள்ளுங்கள்" என்கிறார் கொழுந்தெடுக்கிற பெண். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குளவிக்கூடு அங்கேதான் இருக்கிறது. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத தோட்டம் இந்தப் பக்கத்தில் இல்லை, செத்தவர்களும் உண்டு. சிறுத்தை படுப்பதும் அங்கேதான். மரக்கறியைத் தின்ன வரும் பன்றிக்குக் கட்டுகிற கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் மாட்டி, பிறகு செத்துப்போனது. ஆற்றோரத்தை விட்டுவைக்கச் சொல்லும் ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் பெற்ற தோட்டங்களில் "வனவிலங்குகளைத் துன்புறுத்தாதீர்" என்று பலகை நிற்கிறது. அந்தத் தேயிலைப் பக்கெட்டில் சான்றிதழின் சின்னமான பச்சைத் தவளை உட்கார்ந்திருக்கிறது. பலகைக்குக் கீழே நிற்கிற பெண்ணுக்குக் குளவியிடமிருந்து என்ன பாதுகாப்பு என்பதுதான் கேள்வி. காலையில் ஆள் இறக்குவதற்கு முன் மலையைச் சுற்றிப் பார்த்து, கூடுள்ள இடத்தைக் கொடி கட்டி ஒதுக்கி வைக்கலாம். அதற்கென ஒருவருக்குப் பெயர் போட வேண்டும், அதாவது நாட்சம்பளம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் செலவு. அதைச் செய்யாமல் காட்டைக் காப்பாற்றுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்க எனக்கு வாய் வராது.

வாசகர்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இந்தச் சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பயணம் செய்கின்றன. மூடுபனி இறங்கிய ஐப்பசி இரவில் தேயிலை ஸ்டோர் லைட்டையோ வீட்டு வெளிச்சத்தையோ கண்டு தடுமாறி, ஆறுமணிக் குருவி வாசலில் விழுந்து கிடக்கும். செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிள்ளைகள் கையில் கொடுத்துக் கொஞ்சவிடாதீர்கள். காற்று போகத் துளையிட்ட ஒரு அட்டைப் பெட்டிக்குள் துணி விரித்து, அதில் வைத்து மூடி, பூனை எட்டாத இருட்டான இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் மயக்கமும் களைப்பும்தான். விடிந்ததும் புதரோரத்தில் பெட்டியைத் திறந்தால் அது தன் பாட்டில் போய்விடும். வெளி லைட்டை அந்த மாதங்களில் நேரத்தோடு அணைத்தால் இந்த வேலையும் மிச்சம்.

பிறகு, பார்த்ததை எழுதி வையுங்கள். தேதி, நேரம், மலை நம்பர், ஆற்றோரமா வேலியோரமா, இவ்வளவு போதும். போன் இருந்தால் உலகம் முழுதும் பறவை பார்ப்பவர்கள் பயன்படுத்தும் ஈபேர்ட் செயலியில் நீங்களே ஏற்றிவிடலாம். பெயர் தெரியாவிட்டால் ஒரு படம் பிடித்தால் போதும். எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்கள் சிலர் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். வந்த தேதிகள் கொப்பியில் நிறையச் சேர்ந்துவிட்டன. போன தேதிகள்தான் இல்லை. பங்குனி முடிவில் அவை வடக்கே கிளம்பும்போது கொழுந்து மும்முரம், பிறகு சித்திரை வருஷப்பிறப்பு வேலை. ஒரு நாள் பார்த்தால் கான் வெறுமையாக இருக்கும். கடைசியாக எந்த அந்தியில் அது கத்தியது என்று கேட்டுச் சொல்ல, இம்முறை ஆறாம் நம்பர் மலைக்கு இரண்டு பேரை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்.