குழந்தை இல்லைன்னா பெண்ணை மட்டுமா சோதிக்கணும்?



ஒரு குழுக் கூட்டம். கல்யாணமாகி 5 வருஷமான ஒரு தங்கச்சி 20,000 ரூபாய் கடன் கேட்டாள். "எதுக்கும்மா?" என்று ஊக்குநர் கேட்டார். "குழந்தைக்கு வைத்தியம் பார்க்கத்தான்க்கா" என்றாள். இதே காரணத்துக்கு இது மூன்றாவது கடன். ஸ்கேன், மாத்திரை, ஊசி, விரதம் எல்லாம் அவளுக்குத்தான். "உன் வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று ஒரு அக்கா கேட்டார். கூட்டமே அமைதியாகிவிட்டது. "அவருக்கு என்னக்கா குறை? நல்லாத்தானே இருக்கார்!" என்றாள்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. சிலரிடம் அவர் மட்டுமே காரணம், சிலரிடம் இருவருமே. ஆனாலும் 'மலடி' என்ற பட்டம் நமக்கு மட்டும்தான்.

ஆண்மை வேறு, உயிரணு வேறு

தாம்பத்தியத்தில் குறையில்லாத ஆணுக்கும் விந்தில் உயிரணு குறைவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெளியே பார்த்துத் தெரியாது. இதனால் அவருடைய ஆண்மைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி இதுவும் உடம்பில் வரும் ஒரு கோளாறுதான்.

ஏன் வருகிறது?

* விதைப்பையில் நரம்பு புடைத்துக்கொள்வது (வெரிக்கோசில்). நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது இருக்கும். எல்லோருக்கும் பாதிப்பு வராது.
* வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதையைத் தாக்குவது.
* குழந்தையிலேயே விதை கீழே இறங்காமல் இருந்தது.
* பால்வினை நோய்த் தொற்று, உயிரணு வரும் குழாயில் அடைப்பு, ஹார்மோன் கோளாறு.
* பீடி, சிகரெட், குடி, அதிக உடல் எடை, அடுப்பு உலை பக்கத்தில் நாள் முழுக்க வேலை.
* உடம்பு ஏற்றுவதற்காகப் போடும் ஸ்டீராய்டு, டெஸ்டோஸ்டிரான் ஊசி. 'சக்தி' தரும் என்று நம்பிப் போடுவார்கள். ஆனால் அது உயிரணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

என்ன டெஸ்ட்?

விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை, பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளைவிடச் செலவும் குறைவு. 2 முதல் 7 நாள் வரை சேராமல் இருந்து கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அளவுப்படி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் உயிரணுவுக்குக் குறைந்தால் அது குறைவு. எண்ணிக்கை மட்டும் போதாது. அசைவும் வடிவமும் பார்ப்பார்கள். ஒரு ரிப்போர்ட்டை வைத்து மனசு உடைய வேண்டாம். குறைவாக வந்தால் மறுபடியும் எடுத்துப் பார்க்கணும்.

சேர்ந்து வாழ்ந்து ஒரு வருஷமாகியும் தங்கவில்லை என்றால் இருவரும் ஒன்றாகப் போங்க. பெண்ணுக்கு 35 வயசு தாண்டியிருந்தால் 6 மாதத்திலேயே போகணும்.

வைத்தியம் உண்டா?

உண்டு. தொற்றுக்கு மாத்திரை, சில ஹார்மோன் குறைக்கு ஊசி, நரம்புப் புடைப்புக்கும் அடைப்புக்கும் ஆபரேஷன். ஒரு உயிரணு உருவாக சுமார் இரண்டரை மாதம் ஆகும். அதனால் குடி, புகையை விட்டாலும் மருந்து சாப்பிட்டாலும் பலன் தெரிய 3 மாதமாவது பொறுக்கணும்.

உயிரணு மிகக் குறைவு என்றால் ஒரே ஒரு உயிரணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் 'இக்சி' முறை இருக்கிறது. இந்த முறையில் 1992 முதல் குழந்தைகள் பிறக்கின்றன. விந்தில் ஒன்றுமே இல்லாத சிலருக்கு விதையிலிருந்தே எடுக்கலாம். ஆனால் செலவு அதிகம், ஒவ்வொரு முறையும் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை. ஊசிகளும் நம் உடம்புக்குத்தான். மொத்தச் செலவு எவ்வளவு, நம் வயசுக்குப் பலிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்க. 2021-ஆம் வருஷச் சட்டப்படி இந்த மையங்கள் பதிவு செய்திருக்கணும், எழுத்துப்பூர்வமான சம்மதமும் வாங்கணும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க. லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீங்க.

வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது?

சண்டை நேரத்தில் வேண்டாம். "உங்களுக்குத்தான் குறை" என்று சொல்லாதீங்க. "ரெண்டு பேரும் பார்த்துடுவோம்ங்க, சும்மா எனக்கே செலவு பண்ணிட்டு இருக்கோம்" என்று சொல்லிப் பாருங்க. ரிப்போர்ட்டை ஊருக்குச் சொல்லி அவரை அவமானப்படுத்தவும் வேண்டாம். நமக்கு வலித்தது அவருக்கும் வலிக்கும்.

ஒன்று மட்டும் தெரிஞ்சுக்கோங்க. குழந்தை இல்லை என்று பெண்ணை இழிவாகப் பேசுவது 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி வன்முறை. உதவிக்கு 181-க்குப் போன் பண்ணலாம்.

அந்தக் குழு அன்று 20,000 தரவில்லை. 2,000 ரூபாய் கொடுத்தது. இருவரும் சேர்ந்து அரசு மருத்துவமனைக்குப் போய்வர, அவருக்கு டெஸ்ட் எடுக்க. ரிப்போர்ட் பார்த்த பிறகு மீதிக் கடனைப் பேசலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். உங்கள் குழுவில் இப்படி ஒரு கடன் கேட்பு வந்தால், அந்த அக்கா கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்க.