ஐயத்தையும் அளக்கும் மதிப்பெண்

இணையவழித் துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுகளில், முன்பின் அறியாதோர் சில நொடிகளில் எதிரெதிர் அணிகளாகச் சேர்க்கப்படுகின்றனர். பல்லாண்டு பயின்றவர்முன் நேற்றுத் தொடங்கியவரை நிறுத்தினால் இருவருக்குமே அஃது ஆட்டமாக இராது. நிகரான எதிராளியைக் கணினி எவ்வாறு கண்டறிகிறது?

இதற்கான விடை சதுரங்கத்தில் தொடங்குகிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் எலோ வகுத்த முறையைப் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. எதிர்பார்த்த வெற்றிக்குச் சில புள்ளிகளே கிடைக்கும். தம்மினும் வலியவரை வென்றால் புள்ளிகள் மிகும்.

சதுரங்கம் இருவர் ஆடுவது. நால்வர் நால்வராகப் பொருதும் ‘ஹேலோ’ போன்ற விளையாட்டில், வெற்றிக்கு உரியவர் யார் என்னும் சிக்கல் எழுந்தது. இதற்கென மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘ட்ரூஸ்கில்’ முறை 2005இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் தளத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. இது ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்கிறது. ஒன்று, அவர்தம் திறன் பற்றிய கணிப்பு. மற்றொன்று, அக்கணிப்பில் உள்ள ஐயத்தின் அளவு. புதியவருக்குத் திறன் 25 என்றும் ஐயம் ஏறத்தாழ 8.33 என்றும் தொடக்கத்தில் கொள்ளப்படும். திறனிலிருந்து ஐயத்தின் மும்மடங்கைக் கழித்துத் தரம் காண்பதால், அவரது தொடக்கத் தரம் சுழியம் ஆகிறது. அவர் திறனற்றவர் என்பது இதன் பொருளன்று; அவரைப் பற்றி இன்னும் எதுவும் தெரியவில்லை என்பதே பொருள். தன் அறியாமையையும் அளந்து வைத்துக்கொள்ளும் இந்நேர்மை நம் தேர்வு மதிப்பெண்களுக்குக்கூட வாய்க்கவில்லை.

ஆட்டங்கள் பெருகப் பெருக ஐயம் குறைகிறது, தரம் நிலைகொள்கிறது. ஒருவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்பதை இம்முறை கருதுவதில்லை. அணியின் வெற்றி தோல்வியே கணக்கு. ஆகவே, தோழரைக் கைவிட்டுத் தம் எண்ணிக்கையை மட்டும் பெருக்குவோர்க்கு இதில் தனிப்பயன் இல்லை.

எனினும், ஐயம் குறைவதே ஓர் இடருக்கும் வழிவகுத்தது. 2007இல் வெளிவந்த ‘ஹேலோ 3’ விளையாட்டில் தரங்கள் 1 முதல் 50 வரை அமைந்தன. நெடுநாள் ஆடியோர்க்குப் பல வெற்றிகளுக்குப் பின்னரும் தரம் எளிதில் உயரவில்லை. எனவே, பலர் புதுக்கணக்குத் தொடங்கினர். கணினிக்கு அவர்கள் புதியவர்கள். எதிரே நின்றோர் உண்மையிலேயே புதியவர்கள். 2018இல் அறிமுகமான ‘ட்ரூஸ்கில் 2’, வீழ்த்தியோர் எண்ணிக்கை, முன்பட்டறிவு, ஆட்டத்தின் இடையே விலகும் இயல்பு ஆகியவற்றையும் கருத்திற்கொண்டு, திறனை விரைந்து கணிக்க முயல்கிறது. அதன் பின்னரும் புதுக்கணக்கின் முதல் ஆட்டங்கள் ஐயத்துடனேயே தொடங்குகின்றன. வேடமிட்டு வந்தவரிடம் அவற்றில் தோற்பவர், பெரும்பாலும் அன்றுதான் ஆட வந்தவராக இருக்கிறார்.