பெருவிரலுக்கு 30, சின்னிவிரலுக்கு 7

வேலைத்தலத்தில் இயந்திரத்துக்குள் கை அகப்பட்டுப் பெருவிரல் முழுதாகப் போனால் 30. சுட்டுவிரல் என்றால் 14. நடுவிரலுக்கு 12. மோதிரவிரலோ சின்னிவிரலோ எதுவானாலும் 7. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பல திருத்தங்களுக்குப் பிறகு வைத்திருந்த அட்டவணையில் உள்ள எண்கள் இவை. ஒரு விரல் போனால் மனிதரின் உழைக்கும் திறனில் நூற்றுக்கு எத்தனை பங்கு போகிறது என்பதே அவற்றின் பொருள். இலங்கையின் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்திலும் உறுப்புக்கு உறுப்பு இப்படியோர் அட்டவணை உண்டு.

உடலுக்கு விலைப்பட்டியல் போடுவது புதிய வழக்கம் இல்லை. கி.பி. 600 அளவில் இங்கிலாந்தின் கென்ற் நாட்டை ஆண்ட எதெல்பெர்ட் மன்னனின் சட்டத்தில் பெருவிரலுக்கு 20 ஷில்லிங், சின்னிவிரலுக்கு 11. பெருவிரல் முதலிடம் பெறுவதற்கான காரணம் உடற்கூற்றில் தெளிவாக இருக்கிறது. மற்ற நான்கு விரல்களுக்கும் எதிரே வந்து நிற்கக்கூடியது அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் ஊசியும் பிடிபடாது, உளியும் பிடிபடாது. ஆனால் சின்னிவிரல்? கென்ற் மன்னனிடம் அது பெருவிரலின் பாதிக்கும் மேல்; இந்திய அட்டவணையில் கால்பங்குக்கும் கீழ். கை மாறவில்லை. கணக்குப் பார்த்த சபைதான் மாறியது.

அடுத்த படி இன்னும் வியப்பானது. மாதம் 15,000 ரூபா வாங்கும் 30 வயதுத் தொழிலாளி பெருவிரலை இழக்கிறார் என்று கொள்வோம். இந்தியச் சட்டம் சம்பளத்தில் 60 சதவீதத்தை, அதாவது 9,000 ரூபாவை எடுக்கிறது. அதை 207.98 என்ற எண்ணால் பெருக்குகிறது. வருவதில் 30 சதவீதம், ஏறக்குறைய 5,61,500 இந்திய ரூபா, அவருக்கு உரியது. இதே விபத்து 50 வயதில் நடந்தால் பெருக்கும் எண் 153.09, தொகையும் 4,13,300 அளவுக்கு இறங்கிவிடும்.

அந்த 207.98 எங்கிருந்து வந்தது? 30 வயதுக்காரர் இன்னும் முந்நூறு, நானூறு மாதங்கள் உழைப்பார். அத்தனை மாதச் சம்பளத்தையும் இன்றைக்கே கையில் கொடுத்தால், வங்கியில் போட்டு வட்டியும் வாங்கலாம். ஆகவே எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குச் சுருக்குகிறார்கள். முப்பது ஆண்டு கழித்து வரவேண்டிய 100 ரூபா, 5 சதவீத வட்டியில் இன்றைக்கு 23 ரூபாதான்; 8 சதவீதம் என்றால் 10 ரூபா. வட்டி வீதத்தை எவ்வளவாக வைப்பது என்ற ஒரே முடிவில், காயம்பட்டவரின் பிற்காலச் சம்பளத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே போகலாம். அந்த வீதத்தை எந்தப் பரிசோதனைக் கூடமும் அளந்து சொல்லாது. பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

பேசுவதற்கு இடம் கிடைத்ததே பெரிய கதை. இங்கிலாந்தில் இறைச்சிக் கடைப் பணியாளர் ஒருவர், பாரம் கூடிய வண்டி முறிந்து விழுந்ததில் தொடை எலும்பு உடைந்து வழக்குப் போட்டார். யூரிமார் 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். 1837இல் மேல்மன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆபத்துத் தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்ற வாதமும், உடன் வேலை செய்பவரின் தவறுக்கு முதலாளி பொறுப்பில்லை என்ற வாதமும் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் தொழிலாளரைத் துரத்தின. 1884இல் ஜேர்மனியும் 1897இல் பிரித்தானியாவும் வேறு வழியைத் திறந்தன. தவறு யாருடையது என்று கேட்க வேண்டாம். வேலையில் நேர்ந்த காயத்துக்கு முதலாளி கொடுக்கட்டும். பதிலுக்குத் தொகைக்கு ஒரு வரையறை இருக்கட்டும். உலகின் நட்டஈட்டுச் சட்டங்கள் பெரும்பாலும் இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கின்றன. அதனால்தான் அந்த வரையறை எவ்வளவு என்பதில் சண்டை ஓய்வதே இல்லை.

இலங்கையில் 1934ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது டொனமூர் யாப்பின் கீழ் வந்த அரசாங்க சபை. தொழில் அமைச்சராக இருந்தவர் மலையகத் தமிழரான பெரி. சுந்தரம். யாழ்ப்பாணம் எங்கே இருந்தது? முழுச் சுயராச்சியம் தராத யாப்பு என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னதால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு ஆசனங்களும் வெறுமையாகவே கிடந்தன. 1934இல் நடந்த இடைத்தேர்தல்களில்தான் ஜி.ஜி. பொன்னம்பலம், அருணாசலம் மகாதேவா போன்றோர் உள்ளே போனார்கள். நட்டஈட்டுச் சட்டமும் அதே 1934க்குரியது. பகிஷ்கரிப்பின் நியாயம் வேறு விவாதம். ஆனால் விரலுக்கும் கண்ணுக்கும் எண் குறிக்கும் சட்டம் உருவான அந்தச் சபையில், 1931 முதல் 1934 வரையான காலத்தின் பெரும் பகுதிக்குக் குடாநாட்டின் குரல் இல்லை.

பின்னர் வந்த திருத்தங்களில் இரண்டு கவனிக்க வேண்டியவை. 2005இல் நட்டஈட்டின் உச்சத்தொகை 5,50,000 ரூபா ஆனது. 2022இல் அது 20 இலட்சம் ஆக்கப்பட்டது. கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஆனால் 2005இல் ஒரு டொலர் ஏறக்குறைய 100 ரூபா. 2022 நடுப்பகுதியில் ஏறக்குறைய 360. வகுத்துப் பாருங்கள்: 2005இலும் ஏறக்குறைய 5,500 டொலர், 2022இலும் ஏறக்குறைய 5,500 டொலர். பதினேழு ஆண்டு காத்திருந்து கிடைத்த உயர்வை ரூபாவின் வீழ்ச்சி அதே ஆண்டில் தின்றுவிட்டது.

2022 திருத்தம் மற்றொரு கதவைத் திறந்தது. வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்துக்கும் நட்டஈடு உண்டு. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதே கதவை, நம்மவர்கள் நிறைய வாழும் சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2012இல் பெருமளவுக்கு மூடியது. வேலையோடு நெருங்கிய தொடர்பு இருந்தால் மட்டுமே பயண விபத்துக்கு உரிமை என்று அதன் பாராளுமன்றம் சட்டத்தை மாற்றியபோது தீயணைப்பு வீரர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

2025இல் அங்கே மீண்டும் போர். இம்முறை மனக்காயம். மனத்துக்கு எப்படி எண் போடுவது? தன்னைப் பராமரித்தல், பொழுதுபோக்கு, வெளியே பயணம், உறவுகள், கவனம், வேலைக்கு ஏற்றதாதல் என ஆறு துறைகளில் மருத்துவர் 1 முதல் 5 வரை தரமிடுவார். அவற்றின் நடுத் தரத்தையும் கூட்டுத்தொகையையும் வைத்துச் சதவீதம் வரும். நடுத் தரம் மூன்று என்றால் 11 முதல் 30 வரை. நான்கு என்றால் 31 முதல் 60 வரை. மனக்காயத்துக்கு மொத்தத் தொகையாக நட்டஈடு பெற 15 சதவீதம் போதும் என்றிருந்ததை 31 ஆக்கத் தொழிற்கட்சி அரசு மசோதா கொண்டுவந்தது. காப்புறுதி நிதி தாங்காது என்றது அரசு. தொழிற்சங்கங்களும் பசுமைக் கட்சியும் எதிர்த்தன. லிபரல் கட்சியும் எதிர்த்தது. மேல்சபை அதை விசாரணைக்கு அனுப்பியது. தரவரிசையைத் தெரிந்தவர்களுக்கு 31 ஏன் என்பது விளங்கும். 'நடுத்தரப் பாதிப்பு' என்ற வகுப்பு முழுவதும் அந்த ஒரு கோட்டுக்கு வெளியே போய்விடும்.

இந்த அட்டவணைகள் எவற்றிலும் இடம் பெறாதவர்களும் இருக்கிறார்கள். தளநார் போட்டுப் பனையேறும் சீவல் தொழிலாளி தவறி விழுந்தால் யாரிடம் கேட்பது? தன் கணக்கில் ஏறுபவருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகும் மீனவருக்கும் அப்படித்தான். 1884இன் ஒப்பந்தம் ஆலைக்காகச் செய்யப்பட்டது, பனைக்காக அல்ல. தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றி, முதலாளி இல்லாதவர்களுக்கு நலவாரியங்களை அமைக்க வழி செய்தது. தொகை சிறிதானாலும் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது.

நியூ சவுத் வேல்சில் வாராந்தக் கொடுப்பனவுகள் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் தானாகவே திருத்தப்படுகின்றன. யாரும் பாராளுமன்றத்தில் எழுந்து கெஞ்ச வேண்டியதில்லை. இலங்கையின் உச்சத்தொகையையும் அப்படி விலைவாசியோடு கட்டிவிடலாம். பனையேறிக்கும் மீனவருக்கும் ஒரு நிதியம் வைக்கலாம். இரண்டுக்கும் மருத்துவக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, வாக்கெடுப்புத்தான் தேவை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள்.