வீட்டிலிருந்தே வென்ற நோய்

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்பது நம் முன்னோர் வாக்கு. நோய் ஒருவரைப் பற்றினாலும் துன்பம் வீட்டார் அனைவருக்கும்தான். தந்தை படுத்தால் கூலி நிற்கிறது. தாய் படுத்தால் மூத்த மகளின் படிப்பு நிற்கிறது. ஆகவே நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துக் கவனிப்பதே குடும்ப மருத்துவத்தின் அடிப்படை. இவ்வழியில் நம் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி, காசநோய் மருத்துவத்தையே மாற்றியது.

முற்காலத்தில் காசநோயாளியை ஊருக்கு வெளியே உள்ள சானடோரியத்திற்கு அனுப்புவார்கள். நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே முக்கிய மருந்து என்று கருதினர். நோயாளிகளோ இலட்சக்கணக்கில், படுக்கைகளோ மிகச் சில. இடம் கிடைத்தவர்களும் மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பிரிந்திருக்க வேண்டும்.

1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையத்தை அமைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம்.

முடிவு 1959இல் வெளிவந்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரிடமும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரிடமும் நோய் அடங்கியிருந்தது. போதிய உணவும் ஓய்வும் இல்லாத வீடுகளிலும் மருந்து ஏறக்குறைய அதே அளவு வேலை செய்தது!

வீட்டாருக்கு நோய் தொற்றாதா? இக்கேள்விக்காக ஆராய்ச்சியாளர்கள் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தனர். நோயாளி வீட்டிலிருந்ததால் அதிகம் பேருக்கு நோய் வரவில்லை. காரணம் எளிது. நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே தொற்று பெரும்பாலும் பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் சளியிலுள்ள கிருமிகள் விரைவில் குறைகின்றன. ஆகவே ஆபத்து சிகிச்சை பெறும் நோயாளியிடம் இல்லை. மறைக்கப்படும் நோயில்தான் உள்ளது.

இதன் பயனாக, 1962இல் தொடங்கிய நம் நாட்டின் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. பிற நாடுகளிலும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன. சென்னை மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

அண்மையில் மங்களூர் யெனெப்போயா பல்கலைக்கழக மருத்துவர்கள் அந்நிறுவனத்தோடு சேர்ந்து, 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் மற்றோர் ஆராய்ச்சி செய்தனர். நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தனர். அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தனர். கிருமியை மருந்து கொல்கிறது. உடலுக்குக் காவலாக நிற்பது உணவு.

நாரணாபுரம் போன்ற நம் ஊர்களில் இருமல் வந்தால், “பட்டாசு மருந்துத் தூசி” என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். பரிசோதனைக்குப் போனால் அன்றைய கூலி போகுமே என்ற கவலை ஒருபுறம்; மகளுக்கு வரன் வராதே என்ற அச்சம் மறுபுறம். தோழியரே! இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் இருந்தால் அரசு சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் உணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் அரசு வழங்குகிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து விடாமல் உண்டால் போதும். இருமல் குறைந்ததும் நடுவில் நிறுத்துவதே பெருந்தவறு. அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகின்றன.

நோயாளிகளைச் சந்திப்பது இரக்கச் செயல்களில் ஒன்று என மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்து அவர்கள் மனத்தைப் புண்படுத்த வேண்டாம். இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டார்களா என்று அன்போடு கேட்போம். வீட்டிலுள்ள மாணவி ஒருத்தியின் அக்கேள்வியும் ஒரு மருந்தே!